மனசுக்கு எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

என் சித்தி முப்பது வருஷமாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். இருட்டு விலகும் முன்பே கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போய், நாள் முழுக்கக் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய ஊர் திரும்புவார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியில், தரையை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கும். குனிந்து உட்கார்ந்து, முற்றினதை மட்டும் எடுத்துப் பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். சித்தியின் விரலுக்கு அந்த வித்தியாசம் கண் பார்க்காமலேயே தெரியும்.

சித்தப்பா இறந்து ஐந்து மாசம் இருக்கும். சித்தி எடுத்த காயில் பாதி பிஞ்சு என்று கங்காணி சத்தம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சித்தி சொன்னது இது: "காய் கண்ணு முன்னாடிதான் இருக்கு. எது முத்துனது, எது பிஞ்சுன்னு மண்டையில ஏற மாட்டேங்குது." கண்ணில்தான் கோளாறு என்று கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். கண்ணாடி மாறியது, வேறு எதுவும் மாறவில்லை. அடுத்து, வயிறு கல்லாட்டம் கனக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடிகிற வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். "புருஷன் போன துக்கம், இருக்கத்தானே செய்யும்" என்றார் அம்மாச்சி. நாங்களும் அதையேதான் சொன்னோம். மனநல டாக்டரிடம் போய்ச் சேர இன்னும் ஏழு மாசம் ஆனது.

அந்த ஏழு மாசம் எங்களுக்கு ஏன் ஆனது, உங்கள் வீட்டில் ஆகாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சித்தியோடு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்த மாசங்களில் டாக்டர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டும், அப்புறம் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை இவை.

காரணம் தெரிந்ததே கண்ணை மறைத்தது

சித்திக்கு ஏன் இப்படி ஆனது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதுதான் சிக்கலே. காரணம் தெரிந்துவிட்டால் நோய் என்கிற நினைப்பே நமக்கு வருவதில்லை. கடன் இருக்கு, அதனால தூங்கல. மகள் காதலித்து ஓடிப்போயிட்டா, அதனால சாப்பிடல. படியில் வழுக்கி விழுந்துதான் கால் ஒடிந்தது என்று தெரிந்த பிறகு, காரணம் தெரிந்துவிட்டதே, கட்டு எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. மனசு விஷயத்தில் மட்டும் சொல்கிறோம்.

துக்கம் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் துக்கம் வந்து வந்து போகும். இறந்தவரின் சட்டையைப் பார்த்தால் அழுகை வரும், பேரன் மழலை பேசினால் சிரிப்பும் வரும். நோயாகிவிட்ட சோர்வில் பேரன் மடியில் வந்து ஏறினாலும் முகம் மாறாது. நினைப்பு இறந்தவரை விட்டு விலகி, தன் மேலேயே திரும்பிவிடும். "நான் எதுக்கும் லாயக்கில்ல, எல்லாருக்கும் பாரம்" என்று சித்தி சொல்ல ஆரம்பித்தபோது நாங்கள் ஆறுதல் சொன்னோம். அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

ஆகவே "இதற்குக் காரணம் இருக்கா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு இரண்டு கேள்விகள் கேட்கலாம். எத்தனை நாளாக இருக்கிறது? அன்றாட ஓட்டம் எவ்வளவு தடைபட்டிருக்கிறது?

நாள் கணக்குக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு இரண்டு வாரம். மனசு கனத்துக் கிடப்பது, அல்லது பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, இவற்றில் ஒன்றாவது நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் இவையும் கெட்டுப்போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சித்திக்குக் காய் தெரியாமல் போனது கவனம் கெட்டதால். படித்தவர் என்றால் பத்திரிகையில் ஒரு பத்தியைத் தாண்ட முடியவில்லை என்பார். சித்தி தன் வேலையின் மொழியில் சொன்னார், எங்களுக்குப் புரியவில்லை.

ஓட்டம் என்றால் தூக்கம், சாப்பாடு, வேலை, ஆட்களோடு பேச்சுப் பழக்கம், இவைதான். கடையை நேரத்துக்குத் திறந்தவர் பத்து மணிக்கும் திறக்காமல் இருப்பது. கல்லூரிக்குக் கிளம்புகிற பிள்ளை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிடுவது. வீட்டுப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். அதே பூட்டுக்காகத் தினமும் ஒரு மணி நேரம் போகிறது, ஜீப்பையே விட்டுவிடுகிறார் என்றால் அது வைத்தியம் தேவைப்படுகிற நிலை, வைத்தியத்தால் நன்றாகக் குறைகிற நிலையும்கூட.

உடம்பு பேசும் விதம்

நம் ஆட்கள் "மனசு சரியில்ல" என்று வந்து சொல்வது அபூர்வம். தலைபாரம், உடம்பெல்லாம் காந்தல், கை கால் மதமதப்பு, நெஞ்சில் ஏதோ அடைப்பு என்றுதான் சொல்வார்கள். அவர்கள் நடிக்கவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் உண்மையிலேயே உடம்பில் வலியாக வரும்.

திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வேர்த்து, "செத்துடுவேன்" என்கிற பயம் சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்குகிறது, ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரி என்கிறார்கள், இது மாதிரி இரண்டு மூன்று தடவை வந்துவிட்டது என்றால் அது பதற்றத் தாக்குதலாக இருக்கலாம். ஆனால் முதல் தடவை வரும்போது இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. அதே போல தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு மூன்றும் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். நல்ல மனநல டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

நாள் எண்ணக் கூடாத நேரங்கள்

சிலவற்றுக்கு இரண்டு வாரம் பொறுக்கக் கூடாது. இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

சாவைப் பற்றிப் பேசுவது முதலாவது. "நான் இல்லாட்டி எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க" என்று ஒருவர் சொன்னால், சும்மா சொல்கிறார் என்று கடந்து போகாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலருக்கும் பயம். கேட்பதால் அப்படி ஆவதில்லை; கேட்ட நிமிஷம் பலருக்கும் பாரம் இறங்குகிறது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் வைத்திருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள். உயிரை விடும் வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். 108 இரண்டு மாநிலத்திலும் வரும். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, பக்கத்து வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, நாள்கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் கடன் வாங்கிச் செலவழிப்பது, இவையும் உடனே பார்க்க வேண்டியவை. நன்றாக இருந்த வயசான ஒருவர் திடீரென்று ஒன்றிரண்டு நாளில் குழம்பிப் பேசினால் அது பெரும்பாலும் உடம்புக் கோளாறு. காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, உப்புச் சத்துக் குறைவோ இருக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்கு முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். தூக்கமும் துணையும் கிடைத்தால் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் டாக்டர் வேண்டும். தாய் சம்பந்தமில்லாமல் பேசினால், குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சொன்னால், அன்றைக்கே போக வேண்டும். பச்சை உடம்புக்காரியை வெளியே கூட்டிப் போகக் கூடாது என்று யார் தடுத்தாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் வருஷா வருஷம் நடப்பது என்பதால். கார்த்திகை பிறந்தால் குமுளிப் பாதை முழுக்க மாலை போட்ட சாமிகள்தான். தினமும் குடிக்கிறவர்கள் பலர் அன்றைக்கு ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பல வருஷம் தினசரி அதிகமாகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது மூன்றாவது நாளில் ஆளுக்கு இடம், நேரம் தெரியாமல் போய், இல்லாத பூச்சியையும் பாம்பையும் பார்த்து அலறலாம். வீட்டில் சாமி வந்துவிட்டது என்றோ, விரதத்தில் ஏதோ குற்றம் என்றோ நினைத்துத் திருநீறு பூசிக்கொண்டிருப்பார்கள். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் சில நாளில் சரியாகிவிடும். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, அவர் கொடுக்கும் மாத்திரையோடு நிறுத்தினால் விரதமும் நிலைக்கும், ஆளும் பிழைப்பார்.

எங்கே போவது, யாரைப் பார்ப்பது

மனநல டாக்டர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை கொடுப்பவர். மருந்து எழுத மாட்டார். முதலில் யாரிடம் போனாலும் தப்பில்லை, தேவைப்பட்டால் ஒருவர் மற்றவரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கள் பக்கத்துக்கு அது தேனி மாவட்டத்து க.விலக்கில் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சிறிய அரசு மருத்துவமனைகளுக்கும் மனநல டாக்டர் குறிப்பிட்ட நாளில் வருவார். எந்த நாள் என்று உங்கள் பக்கத்து மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கியது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழையோ மலையாளத்தையோ தேர்ந்தெடுத்துப் பேசலாம்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு மொழி ஒரு தனிப் பிரச்சினை. ஏலப்பாறையிலோ வண்டன்மேட்டிலோ வேலை செய்கிறவர் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். மலையாளம் புரிகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் மனசைச் சொல்லும் வார்த்தைகளில்தான் மாட்டிக்கொள்வோம். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். டாக்டர் பரிவோடு "விஷமம் உண்டோ?" என்று கேட்டால், நான் என்ன விஷமம் செய்தேன் என்று நம்மவர் முழிப்பார். அவர்களுக்குப் பேடி என்றால் பயம். நமக்கு அது வசவு. புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழ் தெரிந்த செவிலியரைக் கூப்பிடச் சொல்லலாம். கூடப் போகிறவர் மொழிபெயர்த்தால், நோயாளி சொன்னதைச் சுருக்காமல் சொன்னபடியே சொல்ல வேண்டும்.

பெயர் கெட்டுவிடும் என்கிற பயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இங்கே கீழ்ப்பாக்கம் என்று கேலி செய்வார்கள், அங்கே ஊளம்பாறை, குதிரவட்டம் என்பார்கள்; மூன்றும் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடங்கள். 1794இல் தொடங்கி இருநூறு வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்துவரும் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு, கேரளம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். ஒரு ஜீப்பில் பத்துப் பேர் என்றால் சராசரியாக ஒருவர் இருப்பார், அவர் பெரும்பாலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

சித்தியையும் நாங்கள் மனநல டாக்டருக்கு முன்னால் கோடாங்கியிடம்தான் கூட்டிப் போனோம். உடுக்கடித்து, காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்று கயிறு கட்டி அனுப்பினார். அதற்காக நான் வெட்கப்படவில்லை. நம்பிக்கை ஒருவருக்குத் தெம்பு கொடுத்தால் கொடுக்கட்டும். கோயிலுக்கும் போங்கள், சோற்றானிக்கரைக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள். இரண்டு விஷயம் மட்டும் கூடாது: டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்கக் கூடாது, கட்டிப்போட, அடிக்க, பட்டினி போட விடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவது இன்றைக்குச் சட்டப்படியே குற்றம்.

மருந்து என்ற வார்த்தை

எங்கள் ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பது மருந்து, செடிக்கு அடிப்பது மருந்து, எவனோ சோற்றில் வைத்துவிட்டான் என்று சந்தேகப்படுவதும் மருந்து. சித்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததும் அவர் கேட்டது: "இதுவும் மண்டையக் குழப்புற மருந்தா?" டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது தூக்க மாத்திரை இல்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலாம், வயிறு கலங்கலாம், பயந்து விட்டுவிடக் கூடாது. நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாசம் போட வேண்டும். நிறுத்தும்போது அவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழக்கமாகிவிடுகிற மாத்திரைகளும் உண்டு, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் சில நாளுக்கு மட்டும் கொடுப்பவை. அவற்றைக் கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. மாத்திரை இல்லாமல் பேச்சு சிகிச்சையிலேயே சரியாகிறவர்களும் உண்டு, லேசான நிலையில் வந்துவிட்டால். சீக்கிரம் போங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் தடவை போகும்போது ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். எப்போதிருந்து, ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு, எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை போடுகிறார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, குடி உண்டா, சாவு நினைப்பு வந்ததா. பழைய ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போகலாம். நோயாளி தனியாகப் பேச வேண்டும் என்றால் கூட வந்தவர் வெளியே இருக்க வேண்டும். சொன்னதை டாக்டர் ஊருக்குச் சொல்ல மாட்டார். ரகசியம் காக்க அந்த மனநலப் பராமரிப்புச் சட்டமே அவரைக் கட்டுப்படுத்துகிறது.

வர மறுக்கிறவரிடம் "உனக்கு மனசு சரியில்ல" என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். அவரே சொல்லும் தொல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்தியிடம் கடைசியில் வேலைக்கு ஆனது என் தங்கை சொன்ன வார்த்தை: "சித்தி, மூணு மணிக்கு முழிச்சுக்கிறீங்கல்ல, அந்தத் தூக்கத்துக்கு ஒரு டாக்டரப் பாத்துட்டு வருவோம். நானும் வர்றேன்." சித்தி சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாத்திரை ஆரம்பித்த ஆறாவது வாரம் மறுபடி ஜீப் ஏறினார். அன்றைக்குச் சாயங்காலம் வந்து, மடியிலிருந்து நாலு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நாலும் முற்றின காய்.